ஃப்ளெக்ஸில் ஏறிய பெயர்

லாரியின் நெற்றியில் பெயர் எழுதுவது என் தொழில். நாமக்கல்லில் பாடி கட்டி வெளியே வருகிற வண்டிகளில் பாதிக்கு என் பட்டறை ஆட்கள்தான் எழுதியிருப்பார்கள் என்று வெளியூர்க்காரர்களிடம் சொல்லிக்கொள்வேன். பாதி இல்லை, ஏதோ கொஞ்சம். சின்னாயி துணை, மாரியாயி துணை, அங்கமுத்து டிரான்ஸ்போர்ட் என்று முக்கால் அடி உயரத்துக்கு எழுதி, சிவப்பில் நிழல் கொடுத்து, ஓரத்தில் மஞ்சள் ஓட்டி முடித்தால் முதலாளிமார் எட்ட நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். கோடிக்கணக்கில் வண்டி வைத்திருப்பவர்கள். ஆத்தா பெயர் பழசாக இருக்கிறதே என்று ஒருவர்கூடக் கூசியதில்லை. "இன்னுங் கொஞ்சம் பெருசாப் போடு செல்லமுத்து" என்றுதான் சொல்வார்கள்.

இந்தச் செல்லமுத்து தன் பெண்டாட்டியின் பெயரைச் சொல்லக் கூசினான். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். சொல்வதால் போன மானம் திரும்பாது என்று எனக்குத் தெரியும்.

என் மனைவி பெயர் பூவாத்தாள். மோகனூர் பக்கம் கரும்புக்காட்டுக்காரர் வீட்டுப் பெண். எட்டாவது வரைக்கும் படித்தவள். எனக்குக் கழுத்தை நீட்டி இருபத்தாறு வருடம் ஆகிறது. பட்டறை வைத்த புதிதில் கூலிக்கு ஆள் வைக்க வக்கில்லாமல் இருந்தேன். கோடு போடும் நூலின் ஒரு முனையை நான் பிடிப்பேன், மறுமுனையை வயிற்றுப்பிள்ளைக்காரியாக ஏணியில் நின்று அவள் பிடிப்பாள். மகள் நிலாவைப் படிக்க வைத்து ஓசூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. இத்தனை வருடத்தில் இது வேண்டும் என்று அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. நானும் கேட்டால்தானே கொடுக்க வேண்டும் என்று சௌகரியமாக இருந்துவிட்டேன்.

போன ஆண்டு அவளுக்குச் சர்க்கரை முந்நூறைத் தொட்டது. நடக்கச் சொன்னார் டாக்டர். ஒரு வாரம் நடந்தாள். தெருநாய் துரத்தியதில் அதுவும் நின்றது. ஒருநாள் காலையில் நான் டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது வாசற்படியில் நின்றுகொண்டு, "ஏனுங்க, நீங்க போற எடத்துக்கே நானும் வாரனுங்க" என்றாள்.

நான் போன இடம் திருச்செங்கோடு ரோட்டில் இருக்கும் ஷட்டில் கோர்ட். கோழிப்பண்ணைக்காரர் மகன் குமரகுரு, சும்மா கிடந்த தீவனக் குடோனில் மரத்தரை போட்டு நாலு கோர்ட் அமைத்திருந்தான். பக்கத்துக் காலியிடத்தில் நீலமும் பச்சையுமாகத் தரைக்குப் பெயின்ட் அடித்து, மேலே தகரம் போட்டு, பிக்கிள்பால் என்று புதிதாக ஒன்றும் ஆரம்பித்திருந்தான். லாரி முதலாளிகள், டாக்டர்கள், பள்ளிக்கூடத் தாளாளர்கள் எல்லாரும் காலை ஆறு மணிக்கு அங்கே கூடிவிடுவார்கள். நான் உடம்பு இளைக்கப் போனேன் என்றால் பச்சைப் பொய். என் பெரிய வாடிக்கைக்காரர் குருமூர்த்தி, இருபத்திரண்டு லாரிக்குச் சொந்தக்காரர், அங்கே ஆடினார். அவரோடு ஆடினால் ஆர்டர் கைவிட்டுப் போகாது என்று போனேன். மூன்று மாதம் ஆகியும் சர்வீஸ் போட்டால் வலையில்தான் விழும்.

வரட்டுமா என்று அவள் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, பயம். சேலையில் வருவாளே, அங்கே எல்லாருக்கும் சாமி, கண்ணு என்று பேசுவாளே என்ற பயம். அதைச் சொல்லத் தைரியம் இல்லாமல், "வா" என்றேன். நிலா விட்டுவிட்டுப் போன ஷூவைப் போட்டுக்கொண்டு, முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகி ஊக்குக் குத்திக்கொண்டு என் ஸ்கூட்டரில் ஏறினாள்.

குமரகுரு உறுப்பினர் விவரத்தைப் போனில் ஏற்றிக்கொண்டிருந்தான். "அக்கா பேரு சொல்லுங்கண்ணா" என்றான். பூவாத்தாள் கொஞ்சம் தள்ளிப் பெஞ்சில் உட்கார்ந்து ஷூக்கயிற்றை முடிந்துகொண்டிருந்தாள். எனக்குப் பின்னால் குருமூர்த்தியும் அவர் மனைவி கிருத்திகாவும் நின்றார்கள். அந்தம்மா வெள்ளைத் தொப்பியும் கையில் கடிகாரமுமாக நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. என் நாக்கு, "பூர்ணிமா" என்றது. முந்தின நாள் ஒரு வண்டியின் பின்பக்கம் நான் எழுதிய பெயர் அது, யாரோ ஒரு முதலாளியின் மகள். யோசிக்கக்கூட இல்லை. குமரகுரு அடித்து முடித்துவிட்டான். திருத்த அரை நொடி போதும். திருத்தாமல் பேட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அந்தப் பெயருக்கு அங்கே வேலையும் இருக்கவில்லை. ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற சுகன்யா அவளை அக்கா என்றாள், மற்றவர்கள் அம்மா என்றார்கள். நான் வீட்டில் கூப்பிடுகிற மாதிரி "ஏ புள்ள" என்று கூப்பிடக் கூச்சப்பட்டு எதுவுமே கூப்பிடாமல் விட்டேன். அவள் என் பெயரைச் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடக் கார்டைத்தான் நீட்டுவாள்.

இப்படி இரண்டு பேர் ஒரே பக்கம் நின்று ஷட்டில் ஆடினால் என்ன ஆகும்? இறகுப்பந்து நடுவில் வரும். இரட்டையர் ஆட்டத்தில் யாராவது ஒருவர் குரல் கொடுக்க வேண்டும். அவள், "ஏனுங்க, உங்களுதுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் இறகு தரையில் படுத்திருக்கும். "நான்" என்று சொல்லி எடுக்கவும் அவளால் முடியவில்லை. கட்டியவனுக்கு வைத்துவிட்டுத்தான் தனக்கு என்று இருபத்தாறு வருடம் பழகியவள், பந்தை மட்டும் முந்திக்கொண்டு எடுப்பாளா? இறகு விழும்போதெல்லாம் அடுத்த கோர்ட்டில் சிரிப்பார்கள். கெட்ட எண்ணத்தில் சிரித்ததாகச் சொல்ல மாட்டேன். எனக்கு மட்டும் காது சிவந்துவிடும். அந்தக் கோபத்தை அவள்மேல் காட்டுவேன். "நின்னு வேடிக்க பாக்கறதுக்கா வந்தே?" என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவள் விழுந்த இறகை எடுத்து, அதிலிருந்த தூசியை ஊதி, என் கையில் கொடுத்தாள்.

அன்றைக்குச் சுகன்யா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். வாழப்பாடிப் பெண், இருபத்தாறு வயதுதான் இருக்கும், வாயில் தயவு தாட்சண்யம் கிடையாது.

"அண்ணா, அக்காவுக்கு இது வேணாம். ஷட்டில்ல கை தலைக்கு மேல போவணும், குனியணும், சட்டுன்னு முன்னாடி பாயணும். புதுசா வர்றவங்களுக்கு ஒழுங்கா நாலு அடி அடிக்கவே மாசக்கணக்காவும். பிக்கிள்பால்ல வலை இடுப்பு உசரந்தான். சர்வீஸ் கீழாப்ல போட்டாப் போதும். பந்து ஒரு தடவ தரையில குதிச்ச பின்னாடி அடிக்கலாம், அதனால யோசிக்க நேரம் இருக்கும். மொத நாளே பத்து தடவ பந்து அங்கயும் இங்கயும் போனாத்தான் மறுநாள் வரத் தோணும். உங்களுக்கும் அதான் நல்லது."

"எனக்கு என்னம்மா, நான் ஷட்டில் ஆடிக்கறேன்" என்றேன். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தும் பலகையும் எனக்குப் பிள்ளைகள் சாமானாகத் தெரிந்தன. அதைவிட, பெரிய மனிதர்கள் எல்லாம் உள்ளே மரத்தரையில் ஆடும்போது தகரக் கொட்டகையில் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. அவளை மட்டும் அங்கே தள்ளிவிட்டேன். தொல்லை விட்டது என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டதையும் மறைக்கப்போவதில்லை.

அவளோ அங்கே போய்ப் பிழைத்துக்கொண்டாள். அந்த ஆட்டத்தில் வலையை ஒட்டி ஏழடி இடம் இருக்கிறது, அதற்குக் கிச்சன் என்று பெயர். அதற்குள் நின்று, குதிக்காத பந்தை அடிக்கக் கூடாது. சுகன்யா இதை விளக்கியதும், "ஏஞ்சாமி, சமையக்கட்டுக்குள்ள நிக்காதீன்னு இப்பத்தான் மொதமொதல்ல ஒருத்தரு சொல்றீங்க" என்றாளாம். கொட்டகையே சிரித்திருக்கிறது. நான் உள்ளே குருமூர்த்தி அடித்த பந்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் சிரிப்பும் அதில் தனியாகக் கேட்டது.

ஒரு மாதத்தில் வலைக்கு மேல் நூல் பிடித்த மாதிரி மெல்லப் பந்தைப் போடக் கற்றுக்கொண்டாள். சர்வீஸ் போடுமுன் மூன்று எண்ணைச் சொல்ல வேண்டும். நம் பாயிண்ட், எதிராளி பாயிண்ட், ஜோடியில் எத்தனாவது ஆள் என்று. தோசை சுடும்போதும் "நாலு மூணு ரெண்டு" என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். நிலாவுக்குத் தினமும் போன் போட்டு ஆட்டக்கதை சொன்னாள். சேலை போய், நிலா வாங்கி அனுப்பிய சுடிதார் வந்தது. சர்க்கரை இருநூறுக்குக் கீழே இறங்கியது.

அப்புறம் குருமூர்த்திக்கு முட்டி வலி வந்தது. டாக்டர் ஷட்டில் வேண்டாம் என்று சொல்ல, அவரும் கிருத்திகா அம்மாவும் பிக்கிள்பாலுக்கு மாறினார்கள். அடுத்த நாளே எனக்கும் அந்த ஆட்டம் ரொம்பப் பிடித்துவிட்டது. காற்றடிக்கிற பக்கம் சாய்ந்துகொள்வதில் நான் கெட்டிக்காரன். பூவாத்தாளுக்கு இதெல்லாம் தெரியாது. தனக்காகத்தான் மாறினேன் என்று நினைத்துக்கொண்டாள். "எனக்கோசரம் உங்க ஆட்டத்த உட்டுட்டு வந்துட்டீங்களே" என்று அன்று ராகிக் களியும் கோழிக்குழம்பும் ஆக்கிப் போட்டாள். நானும் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

இருந்தாலும், அந்த இரண்டு மாதத்தைப் போல நாங்கள் எப்போதும் இருந்ததில்லை. பந்து குதித்து எழுவதற்குள், "ஏனுங்க, உங்களுதுங்க" என்று மரியாதை குறையாமல் சொல்லி முடிக்க நேரம் இருந்தது. நானும் திட்டுவதை விட்டேன். திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, எந்தப் பந்தை எப்படி எடுத்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே வருவாள். கல்யாணமான புதிதில் பேசாத பேச்செல்லாம் அப்போது பேசினோம். இவளோடு ஆடுவது எனக்குப் பிடித்திருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

கோர்ட் ஆரம்பித்து ஒரு வருடம் நிறைவதற்காக, புதிதாகக் கற்றவர்களுக்கு ஜோடிப் போட்டி என்று குமரகுரு அறிவித்தான். ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் பெயரைக் குமரகுருவின் போனில் இருந்தபடியே சுகன்யா சேர்த்துவிட்டாள். அந்த வாரம் எனக்கு அவசர வேலை, இரண்டு வண்டி சேர்ந்து வந்துவிட்டது. வியாழக்கிழமை பூவாத்தாள் மட்டும் ஷேர் ஆட்டோவில் போய்வந்தாள். வெள்ளியும் சனியும் முட்டி வலி என்று அவளும் போகவில்லை. போட்டிக்குக் கால் ஓய்வு எடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு காலையில் நான் குளித்துவிட்டு வந்தால் என் டி-ஷர்ட் தேய்த்து மடித்து இருந்தது. இவள் பழைய சேலையோடு அடுப்படியில் நின்றாள்.

"நீ இன்னும் கெளம்பலியா?"

"நான் எதுக்குங்க? முட்டி வலிக்குது. நீங்க போயிட்டு வாங்க."

"ஜோடிப் போட்டிக்கு நான் ஒத்தையில போயி என்ன பண்றது?"

"ஒத்தையில எதுக்குங்க. அதான் ஆளு இருக்குதல்லங்க" என்றாள். குரலில் சண்டை இல்லை. "வாசல்ல ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கறாங்க. வெசாலக்கெழம பாத்தனுங்க. செல்லமுத்து, பூர்ணிமான்னு போட்டிருக்குது. என்னைய வெச்சுக்கிட்டு நீங்களும் எத்தன நாளைக்குத்தான் செரமப்படுவீங்க. அவங்க படிச்சவங்களா இருப்பாங்க. பேரச் சொல்லிக் கூப்புட்டு ஆடுவாங்க, பந்து நடுவுல உழுகாது." பேசிக்கொண்டே இரண்டு தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பைக்குள் வைத்தாள். "ஒண்ணு அவங்களுக்குங்க. வெயிலு நேரம்."

செருப்பால் அடித்திருந்தால் தேவலை. மூன்று நாளாக இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். யார் அவள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் புருஷன் தன்னைவிட நல்ல ஆளைத் தேடிக்கொண்டது நியாயம்தான் என்று நினைத்து, அந்த ஆளுக்குத் தாகம் எடுக்குமே என்று தண்ணீரும் ஊற்றி வைத்திருக்கிறாள்.

"ஏ புள்ள, அது வேற யாருமில்ல. நீதான்" என்றேன்.

"நானுங்களா?"

"சேரறப்ப நாந்தான் அப்படிப் பேரு குடுத்தேன்."

"அவங்க தப்பா எழுதிப்போட்டாங்களாட்ட இருக்குதுங்க" என்றாள். நான் தப்பிக்க அவளே வழி விட்டாள்.

"இல்ல. நானாத்தான் சொன்னேன்."

"எதுக்குங்க?"

"அங்க எல்லாம் பெரிய பெரிய ஆளுங்க நின்னாங்க. அதனால..."

அவள் அடுப்பை அணைத்தாள். "எம்பேரச் சொன்னா உங்களுக்குக் கேவலமுங்களா?" என்று கேட்டாள். அழவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் அவசரமாக, "இன்னைக்குப் போன ஒடனே மைக்குலயே மாத்திச் சொல்லச் சொல்றேன். எல்லாரு முன்னாடியும். சத்தியமாச் சொல்றேன், கெளம்பு" என்றேன்.

அவள் உள்ளே போய் முகம் கழுவி, சுடிதார் மாற்றி, தலையை இறுக்கிப் பின்னிக்கொண்டு வந்தாள். "போலாமுங்க" என்றாள். நம்பிவிட்டாள்.

கோர்ட் வாசலில் ஃப்ளெக்ஸ் ஆளுயரத்துக்கு நின்றது. அதைத் தாண்டும்போது இரண்டு பேருமே தலையைத் திருப்பவில்லை. உள்ளே மேசை போட்டு, கோப்பைகளை அடுக்கி, மைக்கோடு குருமூர்த்தி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சிறப்பு விருந்தினராக ஒரு தாளாளர். நாற்காலியெல்லாம் எனக்கு வேலை கொடுக்கிறவர்கள், கொடுக்கப்போகிறவர்கள். நான் நேராக மேசைக்குப் போனேன். பூவாத்தாள் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"வாங்க செல்லமுத்து. என்ன, ஏதாச்சும் மாத்தோணுங்களா?" என்று குருமூர்த்தியே கேட்டார். எதிரில் இருந்த தாளில் ஜோடிப் பெயர்கள். பேனாகூடக் கையில் வைத்திருந்தார்.

பெயரை மாற்ற வேண்டும் என்றால், முதலில் ஏன் மாறியது என்று கேட்பார். அந்தக் கேள்வியும், தாளாளர் நிமிர்ந்து பார்ப்பதும், கிருத்திகா அம்மா தொப்பியைச் சரிசெய்துகொண்டு திரும்புவதும் என் கண்முன் ஓடின. வாயைத் திறந்தேன். "ஒண்ணுமில்லீங்க. எல்லாஞ் செரியாத்தான் இருக்குதுங்க" என்றேன்.

"அடுத்ததா நம்ம ஆர்ட்டிஸ்ட் செல்லமுத்து, அவரு சம்சாரம் பூர்ணிமா" என்று மைக்கில் சொன்னார். கை தட்டினார்கள். நான் திரும்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஆடியிருக்க முடியாது.

ஆட்டத்தில் அவள் ஒரு பந்தைக்கூட விடவில்லை. மூன்று ஜோடிகளை ஜெயித்தோம். எல்லாரும் பார்க்கிறார்கள் என்று நானும் சத்தம் கொடுத்தேன், "பூர்ணிமா, நீ எடு" என்று. முதல் தடவை அவள் திரும்பவில்லை. இரண்டாம் தடவை திரும்பினாள். அதற்கப்புறம் அந்தப் பெயரைக் கேட்டதும் சரியாக எடுத்தாள். அவள் பக்கமிருந்து மட்டும் குரலே வரவில்லை. உங்களுதுங்க என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இறுதி ஆட்டத்தில் நான் விட்ட பந்துகளால் ஒன்பதுக்குப் பதினொன்று என்று தோற்றோம். இரண்டாம் பரிசாக ஆளுக்கொரு பதக்கமும் சான்றிதழும் கொடுத்தார்கள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தாளாளருக்குக் கும்பிடு போட்டாள்.

வீடு வரும்வரை ஸ்கூட்டரின் பின்னால் பேச்சில்லை. சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். இருபத்தாறு வருடமாக எல்லாம் சாயங்காலத்துக்குள் சரியாகித்தானே வந்திருக்கிறது. வந்ததும் எப்போதும்போல இட்லி சுட்டு வைத்தாள். நான் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தேன்.

பதக்கத்தைக் காகிதத்தில் மடித்து, பூர்ணிமா என்று பெயர் போட்ட சான்றிதழோடு சேர்த்து ஒரு பையில் போட்டு வைத்திருந்தாள். அதை என்னிடம் நீட்டினாள்.

"ஏனுங்க, இதைய அவங்க ஊட்டுல குடுத்துட்டு வந்துருங்க" என்றாள். "அவங்க பொருளு நம்மூட்டுல எதுக்குங்க."

நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.